கல்லும் சேர்ந்துதான் ஓடுகிறது

மாமாவுக்குச் சாயங்காலம் நாலரை மணிக்குத் தேநீர் வேண்டும். சர்க்கரை குறைவாக, இஞ்சி தட்டிப் போட்டு. உடுமலைப்பேட்டையிலிருந்து மூன்று மாதம் எங்களோடு இருக்க ஆக்லாந்து வந்திருக்கிறார். என் மனைவியின் அப்பா. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் தென்னையும் மக்காச்சோளமும் வைத்து, எந்த மண்டலத்துக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தவர். போன வாரம் அவரை நேப்பியர், வைபுக்குராவ் பக்கம் காரில் கூட்டிப்போய் வந்தோம். அந்தப் பயணத்தில் கடற்கரையில் பொறுக்கிய ஒரு கூழாங்கல்லை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க மாப்ளே, மலையில அத்தன மழை. ஆத்துல தண்ணி சும்மா கடலுக்குப் போகுது. கீழ பார்த்தா புல்லெல்லாம் காஞ்சு கெடக்குது. ஒரு அணை கட்டறதுக்கு என்னங்க?"

கட்டப் பார்த்தார்கள் மாமா, என்றேன். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாத கதை அது. இரண்டாவது குவளையும் போடச் சொன்னார்.

நாங்கள் பார்த்த அந்தக் காய்ந்த சமவெளியின் பெயர் ருவாடனிஃபா. நியூசிலாந்து வடதீவின் கிழக்கே, ஹாக்ஸ் பே வட்டாரத்தில் இருக்கிறது. அதன் மேற்கே ருவாஹினே மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. அந்த மலையின் மடியில் மகரோரோ என்ற சிற்றாறு ஓடி, வைபாவா ஆற்றில் விழுந்து, பிறகு டூக்கிடூக்கி என்ற பேராற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. மகரோரோ பள்ளத்தாக்கின் குறுக்கே 83 மீட்டர் உயரத்துக்கு ஓர் அணை கட்டி, குளிர்கால வெள்ளத்தைப் பிடித்து வைத்து, கோடையில் கீழே 25,000 ஹெக்டேருக்குப் பாய்ச்சுவது என்று வட்டார மன்றத்தின் முதலீட்டு நிறுவனம் திட்டம் போட்டது.

மாமாவுக்குப் புரியும் அளவில் சொன்னேன். 83 மீட்டர் என்றால் 272 அடி. மேட்டூர் அணையின் உயரம் 214 அடிதான். கொள்ளளவு சுமார் 9 கோடிக் கன மீட்டர், அதாவது மூன்றேகால் டிஎம்சி போல. ஆழியாறு அணையைவிடச் சற்றுச் சின்னது. ஆயக்கட்டு 60,000 ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. அவர் உதட்டைப் பிதுக்கி, "பரவாயில்லையே" என்றார்.

மலையில் மழையும் கீழே காய்ச்சலும் ஏன் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வால்பாறையில் கொட்டும்போது உடுமலையில் வெயில் அடிப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். இங்கேயும் அதே கதை. டாஸ்மன் கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று ருவாஹினேவில் ஏறி, ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. உச்சிப் பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சமவெளியில் 800 தேறினால் பெரிது. மலை தாண்டி இறங்கும் காற்று சூடாகவும் வறண்டும் அடித்து, புல்லில் இருக்கும் பச்சையையும் எடுத்துவிடும். மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான்.

ஆனால் ஒற்றுமை அத்தோடு முடிந்தது. காற்றும் மழையும் நம்மூர் மாதிரி. மலை நம்மூர் மாதிரி இல்லை. மாமா கேட்ட கேள்விக்கு விடை அந்த மலைக்குள்ளேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் அவர் மேசைமேல் வைத்திருந்த கல்லையே கையில் எடுத்தேன்.

சாம்பல் நிறம், உள்ளங்கை அளவு, தட்டையாகத் தேய்ந்தது. நடுவில் நூல் நூலாக வெள்ளைக் கோடுகள். இந்தக் கல்லுக்குக் கிரேவாக்கி என்று பெயர். நியூசிலாந்து மலைகளின் முதுகெலும்பு பெரும்பாலும் இதுதான். ஆக்லாந்துக்காரர்கள் தினமும் இதன்மேல்தான் வண்டி ஓட்டுகிறோம். ஹுனுவா மலைப்பக்கக் குவாரியில் இதைத்தான் உடைத்துச் சாலைக்கு ஜல்லியாகக் கொண்டுவருகிறார்கள். 10 கோடி, 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் சரிந்து படிந்த மணலும் சேறும் இறுகிக் கல்லானது. பிறகு நிலத்தட்டுகள் அதைக் கசக்கி, நொறுக்கி, மடித்து மேலே தள்ளின. நொறுங்கிய விரிசல்களுக்குள் வெந்நீர் புகுந்து படிகமாக உறைந்ததுதான் இந்த வெள்ளைக் கோடுகள். கையில் இருக்கும் இந்தச் சின்னக் கல்லிலேயே எத்தனை கோடு என்று எண்ணச் சொன்னேன். ஒன்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டார். அத்தனை முறை உடைந்து ஒட்டிய கல் அது.

நம் ஆனைமலைக் கல் வேறு சாதி. சார்னோக்கைட் வகை. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைத்தான் கொண்டுபோய் வைத்தார்கள். அதனால் வந்த பெயர். பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல். வயது குறைந்தது 50 கோடி ஆண்டு. மேலே மண்ணும் காடும் மூடி, மெதுவாகத் தேய்ந்து, எப்போதோ அடங்கிவிட்ட மலை. ஆனைமுடி 2,695 மீட்டர். ருவாஹினேவின் உயரமான சிகரம் 1,733 மீட்டர்தான். குள்ளமானதுதான் இளையது, துடிப்பானது. கடந்த பத்து, இருபது லட்சம் ஆண்டுகளில்தான் அது மலையாக எழுந்தது. இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது.

"எழுந்துட்டு இருக்குதுங்களா?" என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஹாக்ஸ் பே கரைக்கு அப்பால் கடலடியில் ஹிக்குராங்கிப் பள்ளம் இருக்கிறது. பசிபிக் தட்டு அங்கே வடதீவின் அடியில் நுழைகிறது, ஆண்டுக்கு நாலு சென்டிமீட்டருக்கும் மேல். நேராக நுழையாமல் சாய்வாக நுழைவதால் மேலே இருக்கும் நிலம் இரண்டு விதமாக அவதிப்படுகிறது. ஒரு பக்கம் நெருக்கித் தூக்கப்படுகிறது, இன்னொரு பக்கம் நீளவாக்கில் இழுத்து நகர்த்தப்படுகிறது. அந்த நகர்தலைத் தாங்கும் பிளவுகள் வெலிங்டனிலிருந்து வடகிழக்கே பிளென்டி விரிகுடாவரை வரிசையாக ஓடுகின்றன. அதில் ஒன்று மொஹாக்கா பிளவு. ருவாஹினேவுக்கும் அதன் கிழக்கே முன்னால் நிற்கும் வகராரா என்ற சின்ன மலைக்கும் நடுவே போகிறது. அணைக்கென்று பார்த்த இடம் அந்தப் பிளவுக்குப் பக்கத்தில்தான்.

பொறியாளர்கள் இதைக் கவனிக்காமல் வரைபடம் போட்டார்கள் என்று சொல்வது அநியாயம். இதைக் கணக்கில் எடுத்துத்தான் வடிவமைத்தார்கள். இந்த நாட்டுக்கு அந்த அனுபவமும் உண்டு. இதே பிளவு வரிசையின் வடகோடியில், ரங்கிடைக்கி ஆற்றில், 1967 முதல் மட்டாஹினா என்ற மின்சார அணை இருக்கிறது. அதுவும் 80 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம். 1987 மார்ச் 2 அன்று எட்ஜ்கம்ப் நிலநடுக்கம் அந்த அணையைப் பாதித்தது. நீர்மட்டத்தை இறக்கிச் சரிசெய்தார்கள். பிறகு, அடியில் பிளவு நகர்ந்தாலும் தாங்கும்படி 1990-களில் மறுபடி பலப்படுத்தினார்கள். அணை இன்றும் நிற்கிறது. ஆக, இப்படிப்பட்ட மண்ணில் அணை கட்ட முடியும். கட்டிய பிறகு அந்த மலையோடு காலமெல்லாம் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹாக்ஸ் பேக்காரர்கள் மண்ணை நம்ப மாட்டார்கள். 1931 பிப்ரவரி 3 அன்று வந்த நிலநடுக்கத்தின் அளவு 7.8. 256 பேர் இறந்தார்கள். நேப்பியர் பக்கம் கடற்கழி இரண்டரை மீட்டருக்கு மேல் எழும்பித் தரையானது. இப்போது நேப்பியர் விமான நிலையம் இருப்பது அந்த எழும்பிய தரையில்தான். மாமா அந்த ஓடுதளத்தைக் காரிலிருந்து பார்த்தவர். ஒன்றும் பேசாமல் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

இனி சமவெளிக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

ருவாடனிஃபா என்றால் இரண்டு டனிஃபா. டனிஃபா என்பது நீரில் வாழும் பெரும் உயிர், மாவோரி மக்கள் பயத்தோடும் மரியாதையோடும் பேசும் ஒன்று. முன்பு இந்தச் சமவெளி ஓர் ஏரியாக இருந்ததாம். அதில் இரண்டு டனிஃபாக்கள் வாழ்ந்தன. ஒருநாள் ஒரு சிறுவன் ஏரியில் விழுந்துவிட, அவனுக்காக இரண்டும் சண்டையிட்டன. வாலை அடித்துப் புரண்ட வேகத்தில் கிழக்கு மலைகள் இரண்டு இடத்தில் உடைந்து, ஏரி வடிந்து, வைபாவாவும் டூக்கிடூக்கியும் பிறந்தன. கதை இது.

நிலவியலாளரிடம் கேட்டால் என்ன சொல்வார்? மேற்கே எழும் மலைக்கும், கிழக்கே எழும் சிப்பிச் சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் நடுவே நிலம் தாழ்ந்த ஒரு தாம்பாளம் இது. மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த சரளை அதை நிரப்பியது. சில இடங்களில் சரளை நூறு மீட்டருக்கும் மேல் ஆழம். மொத்த நீரும் வெளியேறக் கிழக்குக் குன்றுகளில் இரண்டே இரண்டு வாசல்கள். ஒன்றில் வைபாவா நகரம், இன்னொன்றில் வைபுக்குராவ் நகரம். பூமி அதிர்ந்து மலை பிளப்பதைக் கண்ணால் பார்த்த மக்கள்தான் அந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமையலறையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றைக் கொண்டுவந்தேன். தோட்டத்துப் பாதையில் போட்டிருந்த சரளையை இரண்டு கை அள்ளி அதில் பரப்பினேன். ஒரு பக்கம் அடியில் புத்தகம் வைத்துச் சாய்த்தேன். மேல் பக்கத்தில் செம்பிலிருந்து மெதுவாக நீரை ஊற்றச் சொன்னேன். மாமா ஊற்றினார். நீர் விழுந்த இடத்திலேயே மறைந்தது. மேலே ஒரு சொட்டு ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ந்த விளிம்பில், கற்களுக்கு இடையே, மினுமினுவென்று ஊறி வந்தது.

"இது நம்ம ஊர்க் கெணத்துக் கணக்கில்லீங்க. மணல் ஆத்துல ஊத்துத் தோண்டற கணக்கு" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். கொங்குப் பக்கக் கிணறு கெட்டிப் பாறையில் வெட்டுவது. விரிசல் இருந்தால் நீர், இல்லாவிட்டால் வெறும் குழி. இங்கே சமவெளியின் அடி முழுவதும் நீர் நகரும் சரளை. ஆறுகள் மேல்பகுதியில் நீரைத் தரைக்குள் இழக்கின்றன. கீழ்ப்பகுதியில், அந்த இரண்டு வாசல்களுக்கு முன்னால், அது ஊற்றாகத் திரும்ப வருகிறது. 1990-களுக்குப் பிறகு விவசாயிகள் ஆழ்துளைக் கிணறு போட்டு நிறைய உறிஞ்சத் தொடங்கினார்கள். மேலே மண் மெல்லியது, சாம்பலும் மணலும் கலந்து நீர் நிற்காத மண், பாய்ச்சினால்தான் புல். உறிஞ்சியதன் விளைவு கோடையில் ஓடைகளில் தெரிந்தது. அணை கேட்டவர்களின் வாதத்தில் இதுவும் ஒன்று: நிலத்தடி நீரை விட்டுவிட்டு அணை நீரை எடுத்தால் ஆறு பிழைக்கும். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். 2020 வறட்சியில் அந்த வட்டாரம் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதே ஆண்டில்தான் ஆக்லாந்திலும் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது.

இப்போது மாமாவின் முதல் வாக்கியத்துக்குத் திரும்பினேன். தண்ணீர் சும்மா கடலுக்குப் போகிறது என்றாரே, அதற்கு. அவர் கல் பொறுக்கிய கடற்கரை ஹௌமோனா, டூக்கிடூக்கி முகத்துவாரத்துக்கு அருகில். மெரினா மாதிரி மணல் கிடையாது. கரை முழுக்கக் கூழாங்கல் மேடு. அலை ஏறும்போது சத்தமில்லை. இறங்கும்போது ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு இறங்கும், நெல் மூட்டையைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம். மாமா கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தக் கல் அத்தனையும் கிரேவாக்கி. மலையில் உடைந்து, மகரோரோ போன்ற ஓடைகளில் உருண்டு, சமவெளியில் பல காலம் தங்கி, ஒவ்வொரு வெள்ளத்திலும் கொஞ்சம் நகர்ந்து, தேய்ந்து தட்டையாகி அங்கே வந்தவை. கடற்கரை மேட்டைக் கட்டி நிறுத்துவது ஆறு கொண்டுவரும் கல்தான்.

மேட்டின் விளிம்பில் வீடுகள் இருந்ததை மாமாவும் பார்த்தார். 1931-இல் நேப்பியர் உயர்ந்தபோது இந்தப் பக்கம் சற்றுத் தாழ்ந்தது. அதிலிருந்து கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆற்றிலிருந்து கட்டுமானத்துக்குச் சரளை அள்ளுவதும் உண்டு. மேலே அணை வந்தால் அந்தக் கிளையிலிருந்து வரும் கல் அங்கேயே நின்றுவிடும்.

ஆற்றில் ஓடுவதைத் தண்ணீர் என்று மட்டும் நாம் கணக்கெழுதிப் பழகிவிட்டோம். பழைய, அடங்கிய மலையில் அது பெரிய பிழை ஆகாது. ருவாஹினே போன்ற மலையில் கல்லும் சேர்ந்துதான் ஓடுகிறது. அணை என்ன செய்யும்? நீரைச் சில மாதம் நிறுத்திவிட்டு விடும். கல்லை விடாது. நீர்த்தேக்கம் மேல்முனையிலிருந்து சரளையாலும் வண்டலாலும் நிரம்பும். அணைக்குக் கீழே, கல் வராத ஆறு தன் படுகையையே அரிக்கத் தொடங்கும். நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே ஆறுகளின் நடுப்பகுதியில் சரளை மிஞ்சிப்போய்ப் படுகை உயர்வதும் தொல்லைதான். வெள்ளக் கரைகளுக்குள் ஆறு மேலேறி நிற்கிறது. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் வந்தபோது வைபாவா நகரின் ஒரு பகுதி மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. ஓரிடத்தில் கல் அதிகம், இன்னோரிடத்தில் கல் பற்றாக்குறை, ஒரே ஆற்றில். மகரோரோ ஒரு கிளைதான், அதை மட்டும் அடைத்தால் கடற்கரை நாளைக்கே போய்விடாது. பல பத்தாண்டுகள் கழித்துத் தெரியும் கணக்கு அது.

மாமா இந்த இடத்தில் என்னை மடக்கினார். "உங்க ஆக்லாந்துலயே மலையில அணை காட்டுனீங்களே. அதுவும் இதே கல்லுன்னு இப்பச் சொன்னீங்க."

ஹுனுவாவைச் சொல்கிறார். நல்ல கேள்வி. ஆக்லாந்து குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அங்கே இருக்கும் நான்கு அணைகளிலிருந்து வருகிறது. அதே கிரேவாக்கிதான். ஆனால் ஹுனுவா தட்டு எல்லையிலிருந்து தள்ளி இருக்கிறது. வேகமாக எழவில்லை. கல் ஆழமாக மக்கி, மேலே கனத்த களிமண்ணும் காடும் போர்த்தியிருக்கிறது. சரளை ஆறாக ஓடுவதில்லை. அங்கேயும் 2017 மார்ச்சில் பெருமழை கொட்டி மலைச்சரிவுகள் வழிந்தபோது நீர்த்தேக்கம் சேறாகிவிட்டது. சுத்திகரிப்பு திணறி, ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் மிச்சப்படுத்துங்கள் என்று நகரமே கேட்டுக்கொண்டது. நாங்கள் வாளியில் பிடித்துக் குளித்த வாரங்கள் அவை. அடங்கிய மலையிலேயே ஒரு மழைக்கு அப்படி.

ருவாடனிஃபா திட்டம் நின்றுபோனது கல்லாலோ பிளவாலோ என்று நினைத்துவிடக் கூடாது. 2014-இல் விசாரணைக் குழு நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. பால் பண்ணைகள் பெருகினால் ஆற்றில் நைட்ரஜன் கூடும் என்பதுதான் அங்கே நடந்த பெரிய சண்டை. முடிவு வந்தது இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தில். நீர்த்தேக்கம் ருவாஹினே வனப் பூங்காவில் 22 ஹெக்டேரை மூழ்கடிக்கும். அதற்குப் பதில் 170 ஹெக்டேர் தனியார் நிலத்தைத் தருகிறோம் என்றார்கள். இயற்கைப் பாதுகாப்புத் துறை ஒப்புக்கொண்டு அந்த 22 ஹெக்டேரின் பாதுகாப்பை நீக்கியது. ஃபாரஸ்ட் அண்ட் பேர்ட் என்ற சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. 2017 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், அப்படி நீக்கியது சட்டப்படி செல்லாது என்றது. மாற்று நிலம் பெரியது என்பதால் மட்டும் காக்க வேண்டிய நிலத்தை விட்டுக்கொடுக்க முடியாது. அதோடு வட்டார மன்றம் பின்வாங்கியது. செலவழித்த கோடிக்கணக்கான டாலர் போனது போனதுதான். திட்டம் செத்ததா என்றால் இல்லை. வேறு பெயரில், டூக்கிடூக்கி நீர்ப் பாதுகாப்புத் திட்டம் என்று, 2024-இல் அரசு வெளியிட்ட விரைவு அனுமதிப் பட்டியலில் மறுபடி இடம்பிடித்துவிட்டது.

மறுபடி வருவதில் எனக்கு வருத்தமில்லை. காய்ந்த வயலைப் பார்த்துக்கொண்டிருப்பவனின் அவசரம் என்னவென்று மாமா வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனைமலையாறு நல்லாறு திட்டம் வராதா என்று அவர் தலைமுறையே காத்திருக்கிறது. என் கவலையெல்லாம், இத்தனை டிஎம்சி, இத்தனை ஏக்கர், இத்தனை டாலர் என்ற கணக்குக்குப் பக்கத்தில் இத்தனை லாரி சரளை, இத்தனை மீட்டர் கடற்கரை என்ற கணக்கும் முதல் பக்கத்திலேயே வர வேண்டும் என்பதுதான். இளைய மலை தருவது தண்ணீரும் கல்லும் சேர்த்து. ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள வழியில்லை.

தாம்பாளத்தில் நீர் முழுக்க வடிந்துவிட்டது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சரளைக்குள்ளயே மழைக்காலத்துல தண்ணிய எறக்கிவிட்டா என்னங்க? நம்ம ஊர்ல கசிவுநீர்க் குட்டை வெட்டறமே."

அந்த யோசனையும் அங்கே உண்டு. வெள்ளக் காலத்து ஆற்று நீரைச் சமவெளியின் மேல்பகுதியில் தரைக்குள் இறக்கிப் பார்க்க வட்டார மன்றம் முயற்சி எடுத்தது. மலையை அடைக்க வேண்டியதில்லை, கல் தன் வழியில் போகும். சிக்கல் ஒன்றுதான். செம்பை அவரிடம் கொடுத்து மறுபடி ஊற்றச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மேலே விட்ட நீர் கீழ் விளிம்பில் எட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குளிர்காலத்தில் இறக்கிய நீர் கோடைவரை அந்தச் சரளைக்குள் நிற்குமா, அதற்குள் ஊற்றாகி வாசல் வழியே போய்விடுமா என்பது, எந்த இடத்தில், எந்த ஆழத்தில் இறக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆழத்தில் களிமண் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் சரளையில் நீர் மெதுவாகப் போகும். மேலே இருப்பதில் விரைவாகப் போகும்.

மாமா எழுந்து போய்த் தோட்டத்திலிருந்து ஒரு பிடி களிமண் கொண்டுவந்தார். தாம்பாளத்தின் நடுவில் குறுக்கே அதை அணைபோல அமுக்கி, அதன்மேல் சரளையை மூடிவிட்டு, செம்பை நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்.